இனி அதை நம்பித்தான்

அத்தியாயம் பதினொன்று

கம்சிகாவின் இடது காறையெலும்புக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டியை வைத்து ஆறு கிழமையாகிறது. தழும்பு சிவப்பு மாறி மண்ணிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் சரிந்து படுக்கவும் பழகிவிட்டாள். இவ்வளவும் நீங்கள் அறிந்த சங்கதி. வருகிற செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது. அது கம்சிகாவுக்கே தெரியாது.

இடையில் ஒன்றிரண்டு கிழமை தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கம்சிகாவுக்கு வயது முப்பத்தெட்டு. தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், நம்முடைய பெண்களுக்குக் கார் ஓடப் பழக்குகிறவள். நாலு வருடமாக அவளுடைய இதயம் நினைத்த நேரத்தில் நினைத்த வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குகின்றன. அந்த நடுக்கம் கீழே இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி, கால் துவண்டுவிடும். இரண்டு தடவை தொடை வழியாக வயர் விட்டு உள்ளே சுட்டுப் பார்த்தார்கள். சில மாதம் நன்றாக இருக்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். மருந்துக் குளிசைகள் ஓட்டத்தைக் குறைத்தன. கூடவே அவளையும் குறைத்தன. மத்தியானத்துக்குப் பிறகு கோப்பை கழுவவும் உடம்பில் தெம்பிருக்காது.

கடைசியாக டொக்டர் ஒரு வழி சொன்னார். அதில் இரண்டு படி. முதலில் பேஸ்மேக்கர் வைப்பது. அது நன்றாகப் பொருந்திய பிறகு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலிருக்கும் ஒரே மின் இணைப்பைச் சுட்டு அறுப்பது. அறுத்துவிட்டால் மேலே என்ன கூத்து நடந்தாலும் கீழே இறங்காது. ஆனால் நல்ல உத்தரவும் இறங்காது. அதன் பிறகு ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தப் பெட்டிதான். அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதல் படிக்குக் கணவன் சஞ்சயன் மறுப்புச் சொல்லவில்லை. "வைச்சா வைச்ச மாதிரிக் கிடக்கட்டும்" என்றான். இரண்டாவது படியில்தான் வந்து நின்றுவிட்டான்.

வியாழக்கிழமை காலை அவன் வாசற்படியில் உட்கார்ந்து, காலில் வேலைச் சப்பாத்தைப் போட்டு நூல் கட்டிக்கொண்டிருந்தான். கவுன்சில் அடுக்குமாடிகளில் லிஃப்ட் திருத்துவது அவனுடைய வேலை. மகள் மதுரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வேல்ஸுக்குப் போயிருந்ததால் வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது.

"ரெண்டு மணிக்கு நான் நேரை ஹொஸ்பிட்டலுக்கு வாறன்," என்றான். "நீ எப்பிடிப் போவாய்?"

"டிலு கூட்டிக்கொண்டு போறான். அதுக்கு முதல் சட்டனுக்கு ஒருக்காப் போகவேணும்."

"அந்த டொலறஸ் எண்டவவிட்டையோ?"

"ஓம். நர்ஸ் ஒழுங்கு செய்து தந்தது. அவவுக்கும் இதுதான் செய்தது, என்னைவிடச் சின்ன வயசிலை."

சஞ்சயன் மற்றச் சப்பாத்தை எடுத்தான். "செய்த ஆள் செய்ததை நல்லதெண்டுதான் சொல்லுவா, கம்சி. தான் வாங்கின காரை ஆரும் கூடாதெண்டு சொல்லுவினமோ?"

"சொல்லாட்டிலும் முகத்திலை தெரியும்தானே."

"நீ முடிவெடுத்திட்டியோ?"

"எடுத்திருந்தா ஏன் அவவிட்டைப் போறன்?"

அவன் எழுந்து, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவடியில் ஒரு கணம் நின்றான். பிறகு, "சாப்பிட்டிட்டுப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தம்பி டிலுக்சன் வெம்பிளியிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்திருந்தான். அங்கே கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். முப்பத்து மூன்று வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஒன்றென்றால் லண்டனின் மறு கரையிலிருந்தும் வந்து நிற்பான். தன்னுடைய வானை விட்டுவிட்டு அக்காவின் காரையே எடுத்தான். சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

அது பழக்குகிற கார். பக்கத்து இருக்கையிலும் பிரேக் உண்டு. கம்சிகா அந்த இருக்கையில் ஏறியவுடன் கால் தானாக அதன் மேல் போய் உட்கார்ந்தது.

"அக்கா, காலை எடு."

"நான் அமத்தேல்லையே."

"அமத்தேல்லை. ஆனா நீ அமத்துவியோ எண்டு பாத்துப் பாத்து எனக்கு ஓடேலாமக் கிடக்கு."

அவள் சிரித்துக்கொண்டே காலை இழுத்துக்கொண்டாள். போன ஐப்பசியில் இதே இருக்கையில் வைத்துத்தான் நெஞ்சு ஓடத் தொடங்கியது. வண்டியோட்டிக்கொண்டிருந்தவர் சுசிலா அக்கா. சோதனையில் ஐந்து தடவை பெயிலானவர். கம்சிகா பேச முடியாமல் கையைக் காட்ட, சுசிலா அக்கா கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, கோடு பிசகாமல் காரை ஓரம் கட்டினார். அம்புலன்ஸ் வரும்வரை கம்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பிடி நிப்பாட்டினா பாஸ் பண்ணலாமோ பிள்ளை?" என்று கேட்டாராம். அன்றைக்குப் பிறகு கம்சிகா யாருக்கும் பழக்கவில்லை.

சட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மேல்மாடி வீட்டில் டொலறஸ் இருந்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. அன்றைக்கு லீவு. கதவைத் திறந்தவரின் முழங்கைவரை, ரொட்டி உதிர்த்த பாண்தூள்.

"வா பிள்ளை. தங்கச்சியின்ரை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலை முதல் நன்மை. ரோல்ஸ் என்ரை பொறுப்பு. கையைக் கழுவிப்போட்டு வா, செய்துகொண்டு கதைப்பம். முகத்தை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா எனக்குக் கதை வராது."

டிலுக்சன் கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். கம்சிகா ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். டொலறஸ் சுருட்டிக் கொடுக்க, அவள் முட்டையில் தோய்த்துத் தூளில் புரட்டினாள்.

"எனக்கு முப்பத்தாறிலை செய்தது. இப்ப அம்பத்தொண்டு," என்றார் டொலறஸ். "உனக்கு என்ன கேக்கவேணும்? எல்லாருக்கும் ஒரு கேள்வி இருக்கும். கேக்க வெக்கப்படுவினம்."

கம்சிகா இரண்டு ரோல்ஸ் புரட்டி முடிக்கும்வரை யோசித்தாள்.

"நித்திரை வருமோ அக்கா? இது நிண்டா எண்டு நினைச்சுக்கொண்டு எப்பிடிக் கண்ணை மூடுறது?"

"முதல் மூண்டு மாசம் வரேல்லை. நெஞ்சிலை கையை வைச்சபடி கிடப்பன். மனிசன் குறட்டை விட்டா அவருக்கும் அடி விழும். பேந்து ஒருநாள் காலமை தேத்தண்ணி ஊத்தேக்கைதான் பிடிபட்டுது, ராத்திரி நான் அதை நினைக்கவேயில்லை எண்டு."

"அதுக்குப் பிறகு பயமே இல்லையோ?"

டொலறஸ் கையை நிறுத்தினார். "இரு. நல்லதைப் பேந்து சொல்லுறன். கூடாததை முதல் கேள். ரெண்டாவது பெட்டி மாத்தினாப் பிறகு கிருமி பிடிச்சிட்டுது. பெட்டி, வயர் எல்லாத்தையும் கழட்டவேண்டி வந்துது. கழட்டினா எனக்குச் சொந்தத் துடிப்பு இல்லை. கழுத்தாலை ஒரு வயரை விட்டு, வெளியிலை நிக்கிற ஒரு மெசினிலை கொழுவி விட்டவை. ரெண்டு கிழமைக்குக் கிட்ட அப்பிடிக் கிடந்தன். திரும்பிப் படுக்கவும் பயம். பெட்சீற் மாத்த நர்ஸ் வந்தா, கவனம் கவனம் எண்டு தமிழிலை கத்துவன். பாவம் அந்தப் பிள்ளை, போலந்துப் பிள்ளை, கவனம் எண்ட சொல்லை என்னட்டைத்தான் பழகினது."

கம்சிகாவின் விரல்களில் முட்டை வழிந்து மேசையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"அந்த நேரம் நினைச்சனீங்களோ, ஏன் இதைச் செய்தனான் எண்டு?"

"நினைச்சனான். பொய் சொல்லமாட்டன். மாதாவோடையும் சண்டை பிடிச்சனான்." டொலறஸ் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். "எல்லாருக்கும் அப்பிடி வராது. எனக்கு வந்தது. அதை ஒருத்தரும் உனக்குச் சொல்லாமல் விட்டால் பிழை."

"அப்ப நல்லது?"

"நல்லதோ?" டொலறஸின் முகம் இளகியது. "ஒப்பரேசன் மேசையிலை கிடக்கிறன். அவை உள்ளை சுட்டுக்கொண்டிருக்கினம். திடீரெண்டு நெஞ்சு அமைதியாப் போச்சு. பிரிட்ஜ் சத்தம் நிண்டாப் போலை. ஏழு வருசம் அந்தச் சத்தத்தோடை இருந்திருக்கிறன், அதைச் சத்தம் எண்டே தெரியாமல். நான் அழுதிட்டன். நோகுதாக்கும் எண்டு டொக்டர் பயந்திட்டார்."

இரத்தம் கரைக்கிற குளிசை நிற்காது என்றார். கைபேசியை நெஞ்சுப் பொக்கற்றில் வைக்க முடியாது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த இண்டக்ஷன் அடுப்பு, கிட்டப் போகப் பயத்தில் அலுமாரிக்குள் கிடக்கிறது. மற்றபடி நாள் முழுக்க நின்று முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்.

"நான் செய் எண்டும் சொல்லமாட்டன், செய்யாதை எண்டும் சொல்லமாட்டன்," என்றார் கடைசியில். "பயம் என்ன எண்டு எனக்கு வடிவாத் தெரியும். உனக்கு என்ன வேணும் எண்டது உனக்குத்தான் தெரியும்."

அந்த நேரம் டிலுக்சன் மேலே வந்தான். டொலறஸ் முதல் தட்டைப் பொரித்து அவன் முன்னால் வைத்தார். சுடச்சுட மூன்று தின்றான். கம்சிகா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனது வேறெங்கோ இருந்தது. எனக்கு என்ன வேண்டும்? கேட்டுப் பார்த்தபோது பெரிய ஆசை எதுவும் வரவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வாறன் என்று யாருக்காவது சொல்லவேண்டும். சொன்னபடி போய் நிற்கவேண்டும். அவ்வளவுதான் வந்தது.

ஹொஸ்பிட்டலில் சஞ்சயன் அவளுக்கு முன்பே வந்து நின்றான். வேலை உடுப்பில் கிறீஸ் மணம். டிலுக்சன் வீட்டில் போய் நிற்பதாகச் சொல்லிக் காரைத் திருப்பிக்கொண்டு போனான்.

டொக்டர் நரசிம்மன் திருச்சிக்காரர். லண்டனுக்கு வந்து இருபது வருடம் ஆனாலும் பேச்சில் ஊர் போகவில்லை.

"வாங்க, உட்காருங்க. காயம் நல்லா ஆறியிருக்கு," என்றார் பார்த்துவிட்டு. "கேள்வி இருக்கும். கேளுங்க. அதுக்குத்தான் இன்னிக்கு வரச் சொன்னேன்."

சஞ்சயன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"டொக்டர், நான் லிஃப்ட் திருத்துறனான். லிஃப்ட்டிலை கரண்ட் நிண்டா பிரேக் தானாப் பிடிக்கும். ஆக்கள் விழமாட்டினம். அப்பிடித்தான் அதைச் செய்திருக்கினம். இந்தப் பெட்டி நிண்டா எது பிடிக்கும்?"

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"இதயத்தோட கீழ்ப்பக்கத்துலயும் சொந்தமா ஒரு துடிப்பு உண்டு. ரொம்ப மெதுவா இருக்கும், நிமிஷத்துக்கு முப்பது, நாப்பது. பெரும்பாலானவங்களுக்கு அது வந்துடும். ஆனா அதை நான் பிரேக்னு சொல்லமாட்டேன். சிலருக்கு வர நேரமாகும். சிலருக்கு வராது. மேடத்துக்கு எப்படின்னு சுட்ட பிறகுதான் தெரியும்."

"அப்ப பிரேக் இல்லை."

"நம்பக்கூடிய பிரேக் இல்லை. அதனாலதான் கீழ் அறைக்கு ரெண்டு வயர் விட்டிருக்கேன். ஒண்ணு பழுதானா இன்னொண்ணு வேலை செய்யும். பேட்டரி திடீர்னு நிக்காது, பல மாசம் முன்னாடியே எச்சரிக்கை குடுக்கும். உங்க கட்டில் பக்கத்துல ஒரு மெஷின் இருக்கு பாருங்க, அது எங்களுக்குத் தகவல் அனுப்பிட்டே இருக்கு. இவ்வளவும் இருந்தும் எதுவும் ஆகவே ஆகாதுன்னு நான் சொன்னா, என்னை நம்பாதீங்க."

"இந்த வயசிலை எத்தினை பேருக்குச் செய்திருக்கிறியள்?"

"ரொம்பக் கொஞ்சம். எங்கிட்ட இதுக்கு வர்றவங்க எழுபதைத் தாண்டினவங்க. அவங்களுக்கு இன்னும் ஒரு பேட்டரி, மிஞ்சினா ரெண்டு. மேடத்துக்கு நாலோ அஞ்சோ வேணும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கிருமி வர கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. வயரும் பழசாகும். எங்க டீம்லயே ரெண்டு பேர் இப்ப வேண்டாம்னு சொன்னாங்க. மறைக்கலை."

"மூண்டாந்தரம் மேலை சுட்டுப் பாத்தா?"

"பாக்கலாம். நிலைச்சு நிக்க வாய்ப்பு பாதிக்கும் கீழ."

அதுவரை பேசாமலிருந்த கம்சிகா கேட்டாள். "ஒண்டும் செய்யாமல் அஞ்சு வருசம் இருந்தா என்ன நடக்கும் டொக்டர்?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு ஸ்கேன் படங்கள். "இது போன வருஷம், இது போன மாசம். உங்க இதயம் கொஞ்சம் பலவீனமாகியிருக்கு. ஓடி ஓடியே களைச்சுப்போகுது. ஓட்டம் நின்னா அனேகமா பலம் திரும்பும். அஞ்சு வருஷத்துல புது வைத்தியம் ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். அதுவரைக்கும் இந்தக் களைப்பை இதயம் தாங்கணும்."

சஞ்சயன் தொண்டையைச் செருமினான்.

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. உங்கடை மனிசியெண்டா என்ன செய்வியள்?"

"எல்லாரும் கேக்கறாங்க," என்றார் டொக்டர். "நான் பதில் சொன்னா அது என்னோட பயம், என்னோட மனைவியோட உடம்பு. அதை வெச்சு இவங்களுக்கு முடிவு பண்ண முடியாது. செவ்வாய்க்கிழமை இடம் வெச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. வேண்டாம்னு சொன்னாலும் அடுத்த தடவை இதே மாதிரிதான் பேசுவேன்."

வெளியே வந்து நடைபாதையில் பாதி தூரம் போகவில்லை, கம்சிகாவின் நெஞ்சு ஓடத் தொடங்கியது. சுவரோரமிருந்த வாங்குப் பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுடைய முகம் வெளிறியதைப் பார்த்ததும் சஞ்சயனுக்கு விளங்கிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டொக்டரைக் கூப்பிடவோ?"

"வேண்டாம். கொஞ்சம் பாப்பம்."

கட்டில்களைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் போனார்கள். ஒரு வயதானவர் ஊன்றுகோலுடன் கடந்து போனார். ஹொஸ்பிட்டல் நடைபாதையில் வெளிறிய முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. அவளுடைய கழுத்துத் தோல் துடிப்பது சஞ்சயனுக்கே தெரிந்தது. அவன் கை மணிக்கூட்டைப் பார்த்தான்.

"எண்ணாதையுங்கோ அப்பா," என்றாள். மதுரா கூப்பிடுகிற மாதிரித்தான் அவளும் அவனைக் கூப்பிடுவாள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கம்சி, நான் பிடிவாதத்துக்குச் சொல்லுறன் எண்டு நினைக்காதை. இருவது வருசமா மெசினோடைதான் சீவியம். பழுதாகாத மெசின் ஒண்டை நான் காணேல்லை. ஆனா பழுதானா எனக்குத் திருத்தத் தெரியும். கழட்டிப் பாத்து, எங்கை பிழையெண்டு கண்டுபிடிச்சு, திரும்பப் பூட்டுவன். உன்ரை நெஞ்சுக்குள்ளை இருக்கிறதைக் கழட்ட எனக்கு ஏலாது. அது நிண்டா நான் பக்கத்திலை சும்மா இருக்கிறதுதான்."

கம்சிகா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேச வந்தது.

"இப்ப என்ன செய்யிறியள்?"

"என்ன?"

"இப்பவும் பக்கத்திலை சும்மாதானே இருக்கிறியள். நாலு வருசமா இப்பிடித்தானே. இந்த நெஞ்சையும் உங்களாலை திருத்த ஏலேல்லை. உங்களிலை பிழையில்லை. ஒருத்தராலையும் ஏலேல்லை."

அவன் கருவிப் பையைக் காலோரம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"டொலறஸ் அக்கா எனக்கு நல்லதை மட்டும் சொல்லேல்லை," என்றாள். சட்டனில் கேட்டதெல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கழுத்து வயரைச் சொன்னாள், வெளியில் நின்ற மெசினைச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இதைக் கேட்டிட்டும் உனக்குச் செய்யவேணுமோ?"

"எனக்கும் அப்பிடி வரலாம். வந்தால் நான் அழுவன், உங்களைத் திட்டுவன், ஏன் செய்தனான் எண்டு கேப்பன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மதுரா பார்க்கிலை ஊஞ்சலாடுறதைப் பாக்கப் போனாலும் எங்கை வாங்கு இருக்கெண்டுதான் முதல் பாக்கிறன். அவளும் இப்ப பாக்கிறாள். எனக்கு முதல் அவள் வாங்கைக் கண்டுபிடிச்சிடுறாள். பதினொரு வயசுப் பிள்ளை. அதை இன்னும் அஞ்சு வருசம் எனக்குப் பாக்கேலாது. நான் செய்யப்போறன் அப்பா. உங்களிட்டை உத்தரவு கேக்கேல்லை. கூட இருங்கோ எண்டு கேக்கிறன்."

சஞ்சயன் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கருவிப் பையின் வாரை எடுத்து, அதைச் சும்மா இறுக்கி, தளர்த்தி, மறுபடியும் இறுக்கினான். கண் கலங்கியிருந்தது. அவள் அதைக் காணாததுபோல இருந்தாள்.

நெஞ்சு எப்போது அடங்கியதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு நீளமாக வந்தபோதுதான் கவனித்தாள். உடம்பு முழுக்கத் தோய்த்துப் பிழிந்த துணிபோல இருந்தது.

"செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு வரச் சொன்னவை?" என்று கேட்டான் சஞ்சயன்.

"காலமை ஏழரைக்கு."

"அப்ப திங்கள் ஷிப்டையும் மாத்தவேணும். வேலையிலை கஸ்பரிட்டைக் கேட்டா அவன் செய்வான்." எழுந்து நின்று கையை நீட்டினான். "எழும்பலாமோ?"

"எழும்பலாம்."

நர்ஸின் மேசைக்கு இருவரும் சேர்ந்து திரும்பி நடந்தார்கள். பேசியது கம்சிகா. பெயர், பிறந்த திகதி சொல்லி, "செவ்வாய்க்கிழமை வாறன்," என்றாள். எளிய வசனம்தான். நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, முதல் கொஞ்ச நாள் இதயத்தை நிமிடத்துக்குத் தொண்ணூறில் ஓட விடுவார்களென்றும், அது வேகம்போலத் தெரிந்தால் பயப்படவேண்டாமென்றும், பிறகு மெல்ல மெல்லக் குறைப்பார்களென்றும் சொன்னாள். சஞ்சயன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், அந்த இரண்டாவது வயரைச் சும்மா இருக்கும்போதும் சோதிப்பார்களா என்று கேட்டான். ஒவ்வொரு தடவையும் சோதிப்போம் என்றாள் நர்ஸ். அவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. டிலுக்சன் சோறு வைத்து, பருப்பும் வைத்து, டொலறஸ் கட்டிக் கொடுத்த ரோல்ஸை அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"நீ இன்னும் கடைக்குப் போகேல்லையோ?" என்றாள் கம்சிகா.

"பெடியன் நிக்கிறான். பாத்துக்கொள்ளுவான். என்ன மாதிரி அக்கா?"

"செவ்வாய்க்கிழமை செய்யினம்."

அவன் அத்தானைப் பார்த்தான். சஞ்சயன், "ஓம், செய்யிறம்," என்று சொல்லிவிட்டு, மதுராவோடு கதைக்கும் நேரமாகிவிட்டதென்று கைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போனான். செய்யினம் என்று அவள் டொக்டர்மாரைச் சொன்னதை, அவன் தன்னையும் சேர்த்துச் செய்யிறம் என்று மாற்றியது கம்சிகாவின் காதில் விழுந்தது. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து மதுராவின் குரல் கைபேசிக்குள்ளால் கீச்சென்று கேட்டது. ஏதோ மலை ஏறினார்களாம். ஆட்டுக்குட்டியாம். கம்சிகா கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தாள். டிலுக்சன் தண்ணீரைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கரண்டியைத் திரும்பவும் கழுவினான்.

"அக்கா."

"ம்."

"உனக்கு முதன்முதல் வரேக்கை என்ன மாதிரி இருந்தது?"

"அதை எத்தினை தரம் சொல்லிட்டன் உனக்கு. கடையிலை நிக்கேக்கை நெஞ்சுக்குள்ளை ஒண்டு துள்ளினாப் போலை..."

"அது தெரியும். அதுக்கு முதல். பெரிசா வர முதல் சின்னனா ஏதும் வந்ததோ? படுக்கேக்கை, இல்லாட்டி மாடிப்படி ஏறேக்கை, ஒரு துடிப்பு விட்டுப்போட்டு அடுத்தது பலமா அடிச்சாப் போலை?"

"வந்ததுதான். நான் கணக்கெடுக்கேல்லை. ஏன் கேக்கிறாய்?"

"சும்மா கேட்டனான்."

அவன் கரண்டியை வைத்துவிட்டு, அதையே எடுத்து மீண்டும் தண்ணீரில் பிடித்தான். அவனுடைய முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்சிகா கிட்டப் போய்த் தண்ணீரை நிறுத்தினாள். துணியை எடுத்து அவனுடைய கையில் கொடுத்தாள்.

"டிலு, இதிலை இரு."

"அக்கா, உனக்கு இண்டைக்கு இருக்கிற பாரமே காணும்."

"இரு எண்டனான்."

அவன் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அத்தான் இறங்கி வருகிற சத்தம் இல்லை. மெதுவாகக் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். கம்சிகா எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, நாலு வருடமாக மற்றவர்கள் தன்னைக் கேட்ட கேள்வியை முதல் தடவையாகத் தானே இன்னொருவரிடம் கேட்டாள்.

"எவ்வளவு நாளா?"